மலை தொடங்கும் வாயிற்படி

கொல்கத்தா நகரின் தென்மேற்கே, ஹூக்ளி நதிக்கரையில் அமைந்துள்ளது கிடர்பூர். பாரந்தூக்கிகளும் சரக்குக் கிடங்குகளும் லாரிகளின் இரைச்சலும் நிறைந்த துறைமுகப் பகுதி அது. 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய கப்பல்துறை அந்த ஊரின் பெயரை உலகறியச் செய்தது. அந்த நெரிசலுக்கு நடுவே, சற்று உள்ளடங்கி, இரண்டு பழைய சிவாலயங்களும் ஒரு குளமும் இருக்கின்றன. அந்த இடத்தின் பெயர் 'பூகைலாஷ்'. பூமியில் உள்ள கயிலாயம் என்பது அதன் பொருள்.

ராஜா ஜெயநாராயண் கோஷால் 1781-ஆம் ஆண்டில் இவ்வாலயங்களை எழுப்பினார். ரக்தகமலேசுவரர், கிருஷ்ணசந்திரேசுவரர் என்ற திருநாமங்களுடன், ஆள் உயரத்தை விஞ்சும் கருங்கல் லிங்க வடிவில் இறைவன் அங்கே எழுந்தருளியிருக்கிறார். எதிரே உள்ள குளத்திற்குச் சிவகங்கை என்று பெயர். அன்னை காளியைப் பாடிய பக்தர் ராம்பிரசாத் அங்கு வந்து மெய்ம்மறந்து நின்றார் என்றும், 'பூகைலாஷ்' என்ற பெயரைத் தந்தவர் அவரே என்றும் வங்க மக்கள் வழிவழியாகச் சொல்வதுண்டு.

திபெத்தில் உள்ள கயிலை மலை கடல்மட்டத்திலிருந்து 6,600 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. கிடர்பூரோ, கடலின் ஏற்ற இறக்கத்தை நாள்தோறும் தன் படிகளில் உணரும் தாழ்நிலம். இவ்வளவு தாழ்ந்த நிலத்திற்கு அவ்வளவு உயர்ந்த மலையின் பெயரைச் சூட்டியது வெறும் புகழ்ச்சிதானா? அல்லது ஆன்மிக வாழ்வைப் பற்றிய ஓர் உண்மை அதில் பொதிந்து கிடக்கிறதா? மலையேறுபவர்களின் வாழ்க்கையைச் சற்றே கூர்ந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடர்பூரில் ஜேம்ஸ் கிட் என்ற கப்பல் கட்டுநர் இருந்தார். ஆற்றில் ஓதம் ஏறுவதையும் வடிவதையும் அவர் நாள்தோறும் குறித்து வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட அந்தப் பதிவு 1829-ஆம் ஆண்டில் நூல் வடிவில் வெளிவந்தது. ஹூக்ளியின் நீர்மட்டத்தைச் சொல்லும்போது, 'கிடர்பூர் பழைய துறையின் வாயிற்படிக்கு மேல் இத்தனை அளவு' என்று கணக்கிடும் வழக்கமும் நிலைபெற்றது. கப்பல் உள்ளே நுழையும் மதகின் அடியில், நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் படி அது. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதற்கு மாலையிட்டு வணங்குவதும் இல்லை. ஆயினும் அளவுகள் அங்கிருந்துதான் தொடங்கின.

அதே நகரில், 1852-ஆம் ஆண்டில், ராதாநாத் சிக்தார் என்ற வங்கக் கணித அறிஞர் இந்திய நில அளவைத் துறையின் தலைமைக் கணக்கராகப் பணியாற்றினார். நூறு மைலுக்கும் அப்பால், சமவெளியிலிருந்து எடுக்கப்பட்ட கோண அளவுகளைக் கொண்டு, 'பதினைந்தாம் சிகரம்' என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையின் உயரத்தை அவர் கணக்கிட்டார். உலகிலேயே உயர்ந்த சிகரம் அதுதான் என்பது தெரியவந்தது. 1856-ஆம் ஆண்டில் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவிக்கப்பட்டது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் இணைந்து அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். நவீனக் கருவிகள் தந்த விடைக்கும் அன்றைய கணக்கிற்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது.

ராதாநாத் அந்த மலையில் ஓரடிகூட ஏறியவர் அல்லர். அவருடைய கணக்கு கடல்மட்டத்திலிருந்து தொடங்கியது. கடல்மட்டம் என்பதோ, ஏதோ ஒரு துறைமுகத்தில் யாரோ ஒருவர் பொறுமையாக ஆண்டுக்கணக்கில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் குறித்து வைத்ததன் சராசரி. மிக உயர்ந்ததை அளக்க வேண்டுமானால் மிகத் தாழ்ந்த இடத்தில் அடிக்கோல் நிலையாக ஊன்றப்பட வேண்டும். 'எவ்வளவு உயர்ந்திருக்கிறேன்?' என்று கேட்கும் சாதகன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எந்தப் படியிலிருந்து அளக்கிறேன்?' என்பதுதான். அகங்காரத்தின் தலைமீது கோலை ஊன்றி அளப்பவனுக்கு எந்த அளவும் சரியாக வராது.

முகாம் வாழ்க்கை கற்றுத்தரும் பாடம்

எவரெஸ்ட்டின் வழியைக் கண்டறிய 1921-இல் முதல் பயணக்குழு புறப்பட்டபோது, அதில் ஒருவரான ஜார்ஜ் மல்லோரி கப்பலில் வந்து இறங்கியது கல்கத்தாவில்தான். அங்கிருந்து டார்ஜிலிங், பிறகு சிக்கிம், பிறகு திபெத் என்று பயணம் நீண்டது. கடல்மட்டத்தில் தொடங்கிய பயணம் மலையின் அடிவாரத்தை அடையவே வாரங்கள் பல ஆயின. இன்று விமானமும் சாலையும் வந்துவிட்டன. ஆனால் மனித உடல் மாறவில்லை. அதன் வேகமும் மாறவில்லை.

உயரமான மலைக்குச் செல்லும் பயணம் என்றவுடன், பனிச்சிகரத்தில் கொடி ஏந்தி நிற்கும் ஒருவரின் படமே நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அந்தப் பயணம் ஏறத்தாழ இரண்டு மாத வாழ்க்கை. அதன் பெரும்பகுதி காத்திருப்பதிலும், கனமான சுமைகளை மேலே கொண்டு வைத்துவிட்டுத் திரும்பி வருவதிலும், பனிக்கட்டியை உருக்கிக் குடிநீர் ஆக்குவதிலும் கழிகிறது. எவரெஸ்ட்டின் தென்புற அடிவார முகாம் 5,364 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. சிகரத்திலோ மூன்றில் ஒரு பங்குதான். முகாமில் தண்ணீர் எண்பது பாகைக்குச் சற்று மேலேயே கொதித்துவிடுவதால், அழுத்தக் கொப்பரை இல்லாமல் அரிசி வேகாது. பசி குறையும், உறக்கம் கலையும், நான்கு அடி நடந்தால் மூச்சு வாங்கும். காலணியின் வாரைக் கட்டுவதுகூட ஒரு வேலையாகிவிடும்.

அங்கே முதலில் கற்க வேண்டியது மெதுவாகச் செல்வது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே சென்றபின், உறங்கும் இடத்தை ஒரே நாளில் ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். பகலில் உயரமாக ஏறி, இரவில் தாழ்வான இடத்திற்கு இறங்கி வந்து உறங்குவது மலையேறுபவர்களின் மரபு. முதல் முகாம் வரை சென்று திரும்புகிறார்கள். பிறகு இரண்டாம் முகாம் வரை சென்று திரும்புகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் அலைச்சலாகத் தோன்றும். ஆனால் அந்த நாட்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பணி உள்ளே நடக்கிறது. மூச்சு ஆழமாகிறது, குருதியில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன, குறைந்த காற்றில் வாழ உடல் பழகுகிறது. அவசரப்பட்டு ஏறுபவனின் நுரையீரலில் நீர் கோக்கும், மூளை வீங்கும். அதற்குத் தலையாய மருந்து உடனே கீழே இறங்குவதே.

ஆன்மிக சாதனையிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு நூலைப் படித்தவுடன், ஒரு சொற்பொழிவைக் கேட்டவுடன், சமாதி நிலையைப் பற்றிப் பேசத் தொடங்கும் ஆர்வம் நம்மிடம் எழுவதுண்டு. மூன்று மாதம் தியானம் செய்துவிட்டு, 'ஒன்றும் நிகழவில்லையே' என்று ஏங்குவதும் உண்டு. ஜபத்தில் அமர்ந்து, மனம் சற்றே உயர்ந்து, பிறகு வீட்டு வேலைக்கும் அலுவலகத்திற்கும் இறங்கி வருகிறோம். மறுநாள் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவது போலத் தோன்றுகிறது. அது தோல்வி அன்று. ஏறி இறங்கும் அந்தப் பழக்கத்தில்தான் மனம் உயர்ந்த காற்றைச் சுவாசிக்கக் கற்றுக்கொள்கிறது. கீதையில் பகவான் அப்யாசம் என்று குறிப்பிடுவது இதைத்தான். உணர்ச்சி வேகத்தில் ஒரே தாவலில் ஏறியவர்கள் சிறிது காலத்திலேயே கசப்போடு இறங்கிவிடுவதை எந்த ஆசிரமத்திலும் காணலாம்.

இன்னொன்றும் உண்டு. ஷெர்பாக்கள் அடிவார முகாமில் கற்களை அடுக்கி, வண்ணக் கொடிகளைக் கட்டி, நறும்புகை எழுப்பி வழிபாடு செய்யாமல் மலைமீது கால் வைப்பதில்லை. பனிக்கோடரியும் காலணியில் பூட்டும் இரும்பு முட்களும் அந்தப் பூஜையில் வைக்கப்படுகின்றன. திபெத்தியர் அம்மலையைச் சோமோலுங்மா என்றும், நேபாளிகள் சாகர்மாதா என்றும் அழைக்கிறார்கள். மலை அவர்களுக்குத் தெய்வம். தெய்வத்தின்மீது கால் வைக்க நேர்வதற்காக அதனிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறார்கள். கருவிகளையும் வணங்கி எடுக்கிறார்கள். நாம் ஆயுதபூஜையில் செய்வதும் இதுவே அன்றோ?

கயிறும் சுமையும்

மலையில் தனித்து ஏறுபவர் என்று யாரும் இலர். கும்பு பனியருவியில் ஒவ்வோர் ஆண்டும் வெடிப்புகளின் குறுக்கே ஏணிகளை வைத்து, கயிறு கட்டி வழி அமைப்பவர்கள் ஷெர்பாக்கள். சூரிய வெப்பத்தில் பனி இளகுவதற்கு முன், பின்னிரவிலேயே விளக்கொளியில் அதைக் கடக்க வேண்டும். உச்சிக்குச் செல்பவர் ஓரிரு முறை கடக்கும் அந்த ஆபத்தான வழியைச் சுமை தூக்குபவர் பல முறை கடக்கிறார். 1922-ஆம் ஆண்டுப் பயணத்தில் பனிச்சரிவில் மடிந்தவர்கள் ஏழு பேர். எழுவரும் சுமை தூக்கியவர்கள். 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் நேர்ந்த பனிச்சரிவில் பதினாறு நேபாளத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். சிகரத்தில் எடுக்கப்பட்ட படங்களில் அவர்களுடைய முகங்கள் இல்லை.

சாதகனும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் ஒரு மணி நேரம் அமைதியாகத் தியானத்தில் அமர்கிறான் என்றால், அந்த நேரத்தில் யாரோ அடுப்படியில் நிற்கிறார்கள். யாரோ குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள். யாரோ வயலில் குனிந்து நிற்கிறார்கள். நமக்கு முன்னே சென்ற மகான்கள் கட்டிவைத்த கயிற்றைப் பிடித்துத்தான் நாம் ஏறுகிறோம். குருபரம்பரை என்பது அந்தக் கயிறு. அன்னை ஸ்ரீசாரதா தேவியார் தட்சிணேசுவரத்தில் நகபத் என்ற சிறு அறையில், விடியுமுன் எழுந்து, குருதேவருக்கும் பக்தர்களுக்கும் உணவு சமைத்தபடி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் வந்துபோன பலருக்கு அவர் அங்கே இருப்பதே தெரியாது. அந்தச் சுமையைச் சுமந்தவரே பின்னாளில் சங்கம் முழுவதற்கும் அன்னையானார்.

உச்சியில் கால் மணி நேரம்

1953 மே 29 அன்று டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தனர். அது டென்சிங்கின் ஏழாவது முயற்சி. 1935-இல் சுமை தூக்கும் இளைஞராக முதன்முதலில் அம்மலைக்கு வந்தவர் அவர். அதற்கு முந்தைய ஆண்டான 1952-இல் சுவிட்சர்லாந்தின் ரேமண்ட் லாம்பர்ட்டுடன், உச்சிக்கு இருநூற்றைம்பது மீட்டர் அளவே எஞ்சியிருந்த இடத்திலிருந்து அவர் திரும்பி வந்தார். இருவரும் திரும்பி வந்ததால்தான் டென்சிங்குக்கு மறு ஆண்டு இருந்தது. லாம்பர்ட் அன்போடு அளித்த சிவப்புக் கழுத்துத்துணியை அணிந்தே டென்சிங் 1953-இல் உச்சியில் நின்றார். தமக்குக் கிட்டாத வெற்றியை நண்பர் பெறட்டும் என்று மகிழ்ந்த மனம் அந்தத் துணியில் இருந்தது.

பல ஆண்டு உழைப்பிற்குப் பின் அவர்கள் உச்சியில் இருந்த நேரம் ஏறத்தாழ பதினைந்து நிமிடங்கள். டென்சிங் பனியில் சிறு குழி தோண்டி, இனிப்புகளையும், தம் மகள் கொடுத்தனுப்பிய சிறு பென்சிலையும் காணிக்கையாக வைத்தார். பிறகு இருவரும் இறங்கினர். 1954-இல் டார்ஜிலிங்கில் மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டபோது, களப்பயிற்சியின் தலைவராக அமர்ந்து, தாம் கற்றதை இளைஞர்களுக்குக் கற்பிப்பதில் டென்சிங் பல ஆண்டுகளைச் செலவிட்டார்.

அடுத்த ஆண்டு, 1955 மே 25 அன்று, ஜோ பிரவுன், ஜார்ஜ் பேண்ட் என்ற இருவர் உலகின் மூன்றாவது உயர்ந்த சிகரமான காஞ்சன்ஜங்காவின் உச்சியை நெருங்கினர். அம்மலை சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். உச்சியை மிதிப்பதில்லை என்று சிக்கிம் மன்னருக்கு அவர்களின் குழு வாக்களித்திருந்தது. எட்டாயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு மேலே, எந்தச் சாட்சியும் இல்லாத இடத்தில், உச்சிக்குச் சில அடிகள் கீழேயே இருவரும் நின்றுவிட்டனர். மறுநாள் சென்ற இருவரும் அவ்வாறே செய்தனர். அந்தச் சில அடிகளை அவர்கள் ஏறாமல் விட்டதால் அவர்களுடைய வெற்றி குறைந்துவிட்டதாக உலகம் கருதவில்லை.

திரும்ப வேண்டிய நேரம்

உச்சியை நோக்கி இறுதியாகப் புறப்படும் இரவில், தேர்ந்த வழிகாட்டிகள் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது நண்பகலுக்குப் பின் ஓரிரு மணி. அந்த நேரத்திற்குள் உச்சியை அடையாவிட்டால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்பிவிட வேண்டும். காரணம் எளிது: கையில் உள்ள பிராணவாயுவும் பகல் வெளிச்சமும் இறங்குவதற்கும் தேவை. ஏறும்போது நேர்வதைவிட இறங்கும்போது நேரும் மரணங்கள் உயர்ந்த மலைகளில் கொடுமையாகத் தொடர்கின்றன. உடலில் வலிமை இருக்கும்போது இந்த விதியை ஏற்பது எளிது. பல லட்சம் ரூபாய் கடன் வாங்கி, ஊரார் நம்பிக்கையைச் சுமந்து வந்து, நூறு மீட்டர் தொலைவில் உச்சி தெரியும்போது திரும்புவதுதான் அரிது. கடோபநிஷதம் கூறும் சிரேயஸ், பிரேயஸ் என்ற இரு வழிகளும் அந்த இடத்தில் மிக நெருக்கமாக வந்து நிற்கின்றன. மனத்திற்கு இனியதும் ஆன்மாவிற்கு நல்லதும் அங்கே ஒரே பனித்தடத்தின் எதிரெதிர்த் திசைகள்.

2016 மே மாதத்தில் மேற்கு வங்கத்திலிருந்து நால்வர் எவரெஸ்ட் ஏறச் சென்றனர். யாரும் செல்வந்தர் அல்லர். அரும்பாடுபட்டுப் பணம் திரட்டிச் சென்றவர்கள். அவர்களில் மூவர் உயிருடன் திரும்பவில்லை. உயிர் பிழைத்த ஒருவர் சுனிதா ஹஸ்ரா என்ற செவிலியர். அன்று பிரிட்டனின் முன்னாள் போர்வீரர் லெஸ்லி பின்ஸ் அதே வழியில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். ஆப்கானிஸ்தானில் பணியாற்றியபோது ஒரு கண்ணின் பார்வையை இழந்தவர் அவர். உச்சிக்குச் சில நூறு மீட்டரே இருந்தது. அவருக்கு வலிமையும் இருந்தது. சோர்ந்து, கயிற்றோடு சரிந்து வந்துகொண்டிருந்த சுனிதாவைக் கண்டார். தம் உச்சியைக் கைவிட்டு, அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கத் தொடங்கினார். வழியில் அதே குழுவைச் சேர்ந்த இன்னொருவரையும் அழைத்து வர முயன்றார். இருவரையும் தாங்க அவரால் முடியவில்லை. அந்தத் துயரத்தோடுதான் சுனிதாவை முகாமுக்குக் கொண்டு சேர்த்தார்.

இதற்கு மாறான நிகழ்ச்சிகளும் அம்மலையில் உண்டு. 2006-இல் வடபுறப் பாதையின் ஓரத்தில் ஒருவர் மெல்ல மெல்ல இறந்துகொண்டிருக்க, ஏறத்தாழ நாற்பது பேர் அவரைக் கடந்து சென்றதாகச் செய்தி வந்து உலகையே வருந்தச் செய்தது. சமவெளியில் அமர்ந்துகொண்டு அவர்களை நாம் தீர்ப்பிடுவது முறையன்று. அந்த உயரத்தில் காற்று குறைந்தால் அறிவும் மங்கும். பனிமூடி முகத்தை மறைக்கும். சிலர் அவரைப் பார்க்கவே இல்லை. சிலர் உதவ முயன்றும் பயனில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சி நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. நாம் வாழ்வது காற்று நிறைந்த சமவெளியில். நம் முகத்தில் பனிமூடி இல்லை. நம் பாதையோரத்தில் விழுந்து கிடப்பவரைக் கடந்துசெல்ல நமக்கு என்ன காரணம் இருக்கிறது?

இறங்கி வந்தவர்கள்

குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் மாடிப்படியை உவமையாகக் கூறுவார். மாடிக்குச் செல்பவன் ஒவ்வொரு படியையும், 'இது மாடி அன்று' என்று விட்டுவிட்டு ஏறுகிறான். மேலே சென்று பார்த்தபோதுதான் மாடி எந்தச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பட்டதோ, படிகளும் அதே பொருளால் கட்டப்பட்டவை என்பதை அறிகிறான். அதன்பின் அவனால் தயக்கமின்றி ஏறவும் முடியும், இறங்கவும் முடியும். அவனையே குருதேவர் விஞ்ஞானி என்று அழைத்தார். நிர்விகல்ப சமாதியிலேயே மூழ்கிக் கிடக்க விரும்பிய இளம் நரேந்திரரை அவர் கடிந்துகொண்டதும் இதனால்தான். பலருக்கு நிழல் தரும் ஆலமரமாக அவர் விளங்க வேண்டும் என்பதே குருதேவரின் விருப்பம்.

நரேந்திரர் விவேகானந்தரான பிறகு அந்த விருப்பத்தை எப்படி நிறைவேற்றினார் என்பதற்கு 1898-ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டின் வசந்த காலத்தில், மேலைநாட்டு உழைப்பால் நலிந்த உடலைத் தேற்றிக்கொள்ள, சுவாமிஜி டார்ஜிலிங்கில் தங்கியிருந்தார். காஞ்சன்ஜங்காவின் பனிமுகடுகளைப் பார்த்தபடி ஓய்வெடுக்க வேண்டிய நாட்கள் அவை. கல்கத்தாவில் பிளேக் நோய் தோன்றியது என்ற செய்தி வந்தது. மே மாதத் தொடக்கத்திலேயே அவர் மலையிலிருந்து இறங்கி நகருக்கு வந்துவிட்டார். நோயைவிட அச்சமே மக்களை அதிகம் ஆட்டிவைத்த நேரம் அது. தொண்டுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேள்வி எழுந்தபோது, தேவையானால் மடத்திற்காக அண்மையில் வாங்கிய பேலூர் நிலத்தையே விற்றுவிடலாம் என்றார். எத்தனையோ ஆண்டுக் கனவின் உச்சி அந்த நிலம். உச்சியை அடைந்த அதே வேளையில் அதைக் கைவிடவும் அவர் அணியமாக இருந்தார். அவ்வாறு விற்க நேரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பிளேக் மீண்டும் பரவியபோது, சகோதரி நிவேதிதையும் சுவாமி சதானந்தரும் நகரின் குடிசைப் பகுதிகளுக்குள் சென்று சாக்கடைகளைத் தூய்மை செய்தனர், நோயுற்றோரைப் பேணினர்.

அதே 1898-இன் ஆகஸ்ட் 2 அன்று சுவாமிஜி அமர்நாத் குகையில் பனிலிங்க வடிவான சிவபெருமானைத் தரிசித்தார். பனியாற்றில் நீராடி, கௌபீனம் மட்டும் உடுத்தி, உடலெங்கும் திருநீறு பூசிக் குகைக்குள் நுழைந்தார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அந்த ஏற்றம் அவருடைய இதயத்தைப் பாதித்தது. ஆயினும் குகையில் தங்கிவிடாமல் பேலூருக்கே திரும்பி வந்தார். பிளேக்கிற்காக மலையிலிருந்து இறங்கியதும் அமர்நாத்துக்காக மலை ஏறியதும் அவருக்கு இரு வேறு செயல்கள் அல்ல. இரண்டிலும் அவர் கண்டது ஒரே சிவத்தைத்தான்.

சுவாமி அகண்டானந்தர் இன்னொரு சான்று. இளமையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கையில் பணமின்றி இமயத்திலும் திபெத்திலும் அலைந்தவர் அவர். பனியின் தனிமை அவருக்கு மிகவும் இனித்தது. 1897-இல் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பஞ்சத்தால் வாடிய மக்களைக் கண்டார். மஹுலா என்ற சிற்றூரில் நின்றுவிட்டார். ராமகிருஷ்ண மிஷனின் நிவாரணப் பணிகளுக்கெல்லாம் தொடக்கமாக அமைந்தது அங்கே அவர் செய்த தொண்டே. இமயத்தைக் கால்களால் அளந்தவர், எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அனாதைக் குழந்தைகளோடும் உழவர்களோடும் அந்த மாவட்டத்திலேயே கழித்தார்.

திருவையாற்றுக் கயிலை

தமிழ் மக்களுக்கு இந்த உண்மை புதிதன்று. காரைக்கால் அம்மையார் இறைவன் உறையும் கயிலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்தார் என்று கேட்டிருக்கிறோம். திருநாவுக்கரசர் முதிர்ந்த வயதில் கயிலை காணப் புறப்பட்டார். கால்கள் தேய்ந்தன; கைகளால் ஊன்றித் தவழ்ந்தார்; அவையும் தேய, மார்பால் ஊர்ந்தார்; இறுதியில் உருண்டும் சென்றார். முனிவர் வடிவில் இறைவன் வந்து, மானிட உடலோடு கயிலையை அடைய இயலாது, திரும்பிச் செல்க என்றார். அழியும் உடலைச் சுமந்துகொண்டு கயிலை காணாமல் திரும்பேன் என்று அப்பர் பெருமான் மறுத்தார். அப்போது இறைவன் அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னார். அதில் மூழ்கியவர் காவிரிக்கரையில் உள்ள திருவையாற்றின் குளத்தில் எழுந்தார். எழுந்தவர் கண்ட காட்சி கயிலையே. துணையோடு வந்த யானையும் பறவையும் பிற உயிர்களும் சிவமும் சக்தியுமாகவே அவருக்குத் தோன்றின.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, அப்பர் சோம்பலால் திரும்பியவர் அல்லர். தம்மால் இயன்ற கடைசி அங்குலம்வரை ஏறியவர். இருந்த இடத்திலேயே கயிலை இருக்கிறது என்று சொல்லி முயற்சியைத் தவிர்ப்பவருக்கு இவ்வரலாறு துணையாகாது. இரண்டாவது, அவர் திரும்பியது மலையைத் துறந்து அன்று. மலையைத் தம் கண்களில் ஏந்திக்கொண்டு. அவர் கையில் எப்போதும் உழவாரப்படை இருந்தது. தமிழ்நாட்டுக் கோயில்களின் முற்றங்களில் புல் செதுக்கிய கை அது. கயிலை அவரைத் தேடி வந்ததற்கு அந்தக் கையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கிடர்பூரின் பூகைலாஷ் இப்போது வெறும் புகழ்ச்சியாகத் தோன்றவில்லை. கப்பல்துறையின் வாயிற்படிக்கு அருகே, சுமை தூக்குபவர்களும் மாலுமிகளும் சிறு வணிகர்களும் நெருக்கியடித்து வாழும் இடத்தில் கயிலைநாதன் நிற்கிறான். மலையேறி வந்தவர் எவராயினும் இறுதியில் திரும்ப வேண்டியது இத்தகைய இடத்திற்குத்தான்.

பக்தர்கள் பலர் மனத்தில் ஒரு குறை இருப்பதுண்டு. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டுவதில் ஜபநேரம் போய்விடுகிறதே என்று ஓர் இல்லத்தரசி வருந்துகிறாள். ஓய்வு பெற்றபின் இமயத்தில் தவம் செய்யலாம் என்றிருந்தவர், மனநலம் குன்றிய மகனை விட்டுச் செல்ல முடியாமல் ஏங்குகிறார். உச்சி கண்ணெதிரே தெரிகிறது. கீழே ஒருவர் கயிற்றில் சரிந்துகொண்டிருக்கிறார். அந்த வேளையில் என்ன செய்ய வேண்டும் என்பதை லெஸ்லி பின்ஸ் பனியில் செய்து காட்டினார். சுவாமிஜி டார்ஜிலிங்கிலிருந்து இறங்கி வந்து காட்டினார். கடமையிலிருந்து தப்புவதற்காக மலை ஏறுவதும், ஏறுவதற்கு அஞ்சிக் கடமையைச் சாக்காகக் கொள்வதும் இருவகைத் தவறுகள். நாள்தோறும் இயன்ற அளவு ஏற வேண்டும். சிறிது நேரமாயினும் உண்மையாக ஏற வேண்டும். அழைப்பு வரும்போது தயங்காமல் இறங்க வேண்டும். ஊட்டும் கையில் ஜபம் தொடருமானால், அந்த இறக்கமும் ஏற்றமே.

நாம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறோம் என்பதைத் தியான அறையில் அளக்க முடியாது. அறையைவிட்டு வெளியே வந்து, முதலில் எதிர்ப்படும் மனிதரிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில் அது தெரிந்துவிடும். அளவுகோல் ஊன்றப்பட்டிருப்பது நம் வீட்டு வாயிற்படியில். சமவெளியில் வாழும் நமக்கும் கயிலைக் காட்சி கிட்ட, குருதேவரும் அன்னையும் சுவாமிஜியும் அருள்புரிவார்களாக!